பட்டறையில் தெரியவரும் 400 வெள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், வடக்கே தாப்பாவுக்கும் தெற்கே சுங்காய்க்கும் நடுவில், முதலாம் எண் கூட்டரசுச் சாலையை ஒட்டி வளர்ந்த பீடோர், கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கடினமான ஊர்களில் ஒன்று. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பின்னர் தோட்டத்து லயன்களை விட்டு வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களுக்கு வேலை ஒரு திசையிலும் பிள்ளைகளின் பள்ளி இன்னொரு திசையிலும் இருக்க, மருத்துவமனைக்குத் தாப்பாவுக்கோ தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ போக வேண்டியிருப்பதால், வீட்டுக்கு ஒரு கார் என்பதும் அந்த ஒரு காரை அப்பா, மகன், மகள், மருமகன் என மூவரோ நால்வரோ மாறி மாறி ஓட்டுவது என்பதும் இயல்பாகிவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் காருக்குக் காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பிக்கப்படும்போது வீட்டில் பேசப்படுவது பெரும்பாலும் இரண்டே செய்திகள்: பிரிமியம் எவ்வளவு, கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியான என்.சி.டி. எத்தனை விழுக்காடு. பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் 'எக்ஸஸ்' என்ற சொல்லுக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் தொகையையும், அதற்கு அருகிலேயே இருக்கும் ஓட்டுநர் பெயர்ப் பட்டியலையும் பெரும்பாலோர் முதன்முறையாகப் பார்ப்பது, மோதிய கார் பட்டறையில் நிற்கும் நாளில்தான்.

எக்ஸஸ் என்பது, அது பொருந்தும் ஒவ்வொரு இழப்பீட்டுக் கோரிக்கையிலும் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுப்பதற்கு முன்பு வாகன உரிமையாளர் தம் கையிலிருந்து ஏற்க வேண்டிய முதல் பங்கு. பழுதுபார்க்கும் செலவு 3,000 வெள்ளி, எக்ஸஸ் 400 வெள்ளி என்றால் நிறுவனம் 2,600 வெள்ளியைப் பட்டறைக்குச் செலுத்தும். மீதி 400 வெள்ளியை உரிமையாளர் பட்டறையில் கட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார். செலவு 350 வெள்ளிதான் என்றால் நிறுவனத்திடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 'டிடக்டிபிள்' என்றும் தமிழ்நாட்டுப் பாலிசிகளில் 'கட்டாயக் கழிவு' என்றும் வழங்கப்படுவது இதுவே. இது அபராதம் அன்று. ஓட்டியவர் குற்றவாளி என்று யாரும் தீர்மானித்ததன் விளைவும் அன்று. ஒப்பந்தத்தில் முன்னதாகவே எழுதிக் கையொப்பமிடப்பட்ட பங்கீடு.

எக்ஸஸ் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அறிய, மலேசியாவில் விற்கப்படும் மூவகைப் பாலிசிகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒவ்வொரு வாகன உரிமையாளரிடமும் கட்டாயமாகக் கேட்பது, தம் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. விற்கப்படும் மூன்றாம் தரப்புப் பாலிசி இதனோடு பிறருடைய சொத்துச் சேதத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வகை, சொந்தக் கார் எரிந்துபோவதையும் திருடுபோவதையும் கூடுதலாகச் சேர்க்கிறது. முழுக் காப்புறுதி எனப்படும் மூன்றாம் வகையே சொந்தக் காருக்கு விபத்தால் வரும் சேதத்தையும் ஏற்கிறது. எக்ஸஸ் பொதுவாக இந்த மூன்றாம் வகையின் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. எதிரே வந்தவரின் மோட்டார் சைக்கிளோ அவருடைய காலோ உடைந்ததற்காக நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டில் உரிமையாளரிடம் 400 வெள்ளி பிடிப்பது வழக்கமில்லை; கார் திருடுபோனாலோ தீப்பற்றினாலோ கட்டாய எக்ஸஸ் பொதுவாகப் பொருந்துவதில்லை.

நிறுவனங்கள் ஏன் இப்படி முதல் பங்கை உரிமையாளர் தலையில் வைக்கின்றன என்ற கேள்விக்கு விடை மோட்டார் காருக்கு முந்திய காலத்திலேயே தொடங்குகிறது. லண்டன் லாய்ட்ஸ் காப்புறுதியாளர்கள் 1749இல் தங்கள் கடல் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தனர்: சர்க்கரை, புகையிலை, சணல், தோல் போன்ற சரக்குகளில் 5 விழுக்காட்டுக்கும், பிற சரக்குகளிலும் கப்பலிலும் 3 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதிச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. கடற்பயணத்தில் கொஞ்சம் நனைவதும் கொஞ்சம் சிதறுவதும் இயல்பு என்பதால், அத்தகைய சில்லறைச் சேதங்களை ஒவ்வொன்றாக விசாரித்துத் தீர்ப்பதற்கு ஆகும் செலவு சேதத்தையே விஞ்சிவிடும் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. சேதம் வரம்பைத் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் கிடைக்கும் என்பதால், 4 விழுக்காட்டுச் சேதத்தை 5 விழுக்காடாகக் காட்டுவது சரக்கு உரிமையாளருக்கு லாபமாக இருந்தது. எவ்வளவு பெரிய சேதமானாலும் முதல் பங்கைக் கழித்தே கொடுப்பது என்ற இன்றைய எக்ஸஸ் முறை அந்த ஓட்டையை அடைத்தது. முழுவதுமாக அடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எக்ஸஸை வாடிக்கையாளரிடம் வாங்காமல் பில்லில் ஏற்றிக்கொள்கிறோம் என்று இன்றைக்கும் சில பட்டறைகள் ஆசை காட்டுவதுண்டு. அதற்கு ஒப்புக்கொள்பவர் சலுகை பெறுவதாக எண்ணிக்கொண்டு மோசடிக்குக் கூட்டாகிறார்.

தமிழ்க் குடும்பங்களில் எக்ஸஸ் மீதான கசப்புக்கு வேறொரு வேரும் உண்டு. தோட்டப்புறங்களில் நெடுங்காலம் புழங்கிய, சீட்டு போன்ற கூட்டுப் பணம், அரசாங்கம் 1971இல் அதைத் தடைசெய்ய இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் இடம்பெறும் அளவுக்கு வேரோடியிருந்தது. கூட்டில் பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வந்தே தீரும். காப்புறுதியிலோ பணம் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு முறை வராமலே போவதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். பத்து ஆண்டு பிரிமியம் கட்டியும் ஒரு காசு திரும்பவில்லையே என்ற மனக்குறையோடு இருப்பவருக்கு, பம்பர் நெளிந்த அன்று போய்க் கேட்டால் முதல் 400 வெள்ளி உங்களுடையது என்று சொல்லப்படும்போது ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் பம்பர் நெளிவுகளையெல்லாம் காப்புறுதி ஏற்பதென்றால் பிரிமியம் எல்லாருக்கும் உயரும். அந்த உயர்வில் ஒரு பகுதி நிர்வாகச் செலவுக்கும் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டரின் கட்டணத்துக்குமே போகும். பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963இல் வெளியிட்ட மருத்துவப் பொருளியல் கட்டுரையில் இதைக் கணித முறையில் நிறுவினார்: காப்புறுதி நிறுவனம் தன் செலவையும் லாபத்தையும் பிரிமியத்தில் ஏற்றி விற்கும் நிலையில், இடருக்கு அஞ்சும் ஒருவருக்கு மிகச் சிறந்த ஒப்பந்தம், ஒரு வரம்புவரை தாமே ஏற்று, அதற்கு மேற்பட்டது முழுவதையும் நிறுவனத்திடம் விடுவதே.

இனி மலேசியாவின் 400 வெள்ளிக்கு வரலாம். தனியார் கார்களுக்கான பெரும்பாலான முழுக் காப்புறுதிப் பாலிசிகளில் கட்டாய எக்ஸஸ் என்ற பெயரில் நிற்கும் இத்தொகை, எல்லா விபத்துகளுக்கும் பிடிக்கப்படுவதில்லை. விபத்து நேரத்தில் காரை ஓட்டியவர் யார் என்பதைப் பொறுத்தே பிடிக்கப்படுகிறது. ஓட்டியவர் பாலிசியில் பெயர் குறிப்பிடப்படாதவராக இருந்தாலும், பெயர் இருந்தும் 21 வயது நிரம்பாதவராக இருந்தாலும், பழகுநருக்கான 'எல்' உரிமமோ, முழு உரிமத்துக்கு முந்திய இரண்டாண்டுக்கான 'பி' உரிமமோ வைத்திருப்பவராக இருந்தாலும் 400 வெள்ளி பிடிக்கப்படும். பீடோரில் ஒரு வீட்டுக் காரை நால்வர் ஓட்டும் வழக்கத்தோடு இந்த விதியைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகை ஏன் இவ்வளவு அடிக்கடி பட்டறையில் முளைக்கிறது என்பது விளங்கிவிடும்.

இதைச் சுற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்புறுதியே செல்லாது என்பது முதலாவது. வழக்கமான பாலிசியில் இது உண்மையன்று: உரிமையாளரின் அனுமதியோடு, செல்லத்தக்க உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால் காப்புறுதி நிற்கும், 400 வெள்ளி மட்டும் கழியும். காப்புறுதியையே கவிழ்ப்பவை உரிமமில்லாமல் ஓட்டுவது, மது அருந்தி ஓட்டுவது, தனியார் பயன்பாட்டுக்கென்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஆள் ஏற்றுவது போன்ற மீறல்களே. இரண்டாவது நம்பிக்கை இதற்கு நேர்மாறானது: மகளின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் எக்ஸஸ் தொல்லை தீர்ந்தது என்பது. மகளுக்கு 19 வயது, கையில் 'பி' உரிமம் என்றால், பெயர் சேர்த்த பிறகும் வயதும் உரிமமும் ஆகிய காரணங்கள் அப்படியே நிற்கின்றன. பெயர் சேர்ப்பது உண்மையில் உதவுவது 30 வயது மகனுக்கும் மருமகனுக்கும்தான். முதல் சில பெயர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் பெயருக்குப் 10 வெள்ளி அளவில் வாங்கப்படுவது வழக்கம். யார் ஓட்டினாலும் பெயர்க் காரணத்துக்காக எக்ஸஸ் பிடிக்காத 'எல்லா ஓட்டுநர்' இணைப்பைச் சில நிறுவனங்கள் சிறு கட்டணத்துக்கும் சில நிறுவனங்கள் இலவசமாகவும் தருகின்றன.

கார் ஒருவர் பெயரிலும் அதை அன்றாடம் ஓட்டுபவர் வேறொருவராகவும் இருக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓய்வுபெற்ற தந்தையின் பெயரில் 55 விழுக்காட்டு என்.சி.டி. இருக்கிறது என்பதற்காகவே மகனின் காரும் அவர் பெயரில் வாங்கப்படுவதுண்டு; கடன் ஏற்பாட்டுக்காகவும் அப்படி நடப்பதுண்டு. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், காப்புறுதி வாங்கும் நுகர்வோர் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனத்தோடு விடையளிக்க வேண்டும் என்கிறது. முதன்மை ஓட்டுநர் யார் என்ற கேள்விக்கு ஓட்டாத தந்தையின் பெயரை எழுதுவது அந்தக் கடமையோடு மோதுகிறது. அதன் விளைவு 400 வெள்ளியோடு நிற்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது.

2017 ஜூலை 1 வரை முழுக் காப்புறுதியின் பிரிமியம் அரசு ஒப்புதல் பெற்ற ஒரே கட்டண அட்டவணையின்படி வாங்கப்பட்டதால், எந்த முகவரிடம் போனாலும் விலையில் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டுநரின் வயது, காரின் வகை, ஊர், முன்வரலாறு ஆகியவற்றைப் பார்த்துத் தன் விலையைத் தானே வைக்கிறது. விலை வேறுபடத் தொடங்கிய இடத்தில் நிபந்தனைகளும் வேறுபடத் தொடங்கின. பழைய கார்களுக்கும் இறக்குமதியான பழைய கார்களுக்கும் கட்டாய எக்ஸஸோடு பாலிசி எக்ஸஸ் என்ற இன்னொரு தொகையும் சேர்க்கப்படலாம். கூடுதல் எக்ஸஸைத் தாமாக ஏற்பவருக்குப் பிரிமியத்தில் தள்ளுபடி தரும் ஏற்பாடும் சில நிறுவனங்களிடம் உண்டு. ஆகவே 80 வெள்ளி மலிவான பாலிசி உண்மையில் மலிவானதா என்பது அதன் எக்ஸஸ் வரியைப் படிக்காமல் தெரியாது. இந்தியாவில் இந்தத் தள்ளுபடி மோட்டார் கட்டண நூலிலேயே அட்டவணையாக வகுக்கப்பட்டிருந்தது: 1500 சி.சி. வரையான தனியார் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய். அதோடு 2,500 ரூபாயைத் தாமாக ஏற்பவருக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 20 விழுக்காடு, ஆனால் 750 ரூபாய்க்கு மேற்படாமல். ஆண்டுக்கு 750 ரூபாய் சேமிப்பவர் மூன்று ஆண்டுக்குள் ஒரு விபத்தில் சிக்கினால் சேமித்ததை இழக்கிறார் என்று கணக்கிட்டு முடிவெடுக்க அங்கே வழியிருந்தது.

எக்ஸஸ் என்ற பெயர் இல்லாமலே எக்ஸஸின் வேலையைச் செய்யும் கழிவுகளும் உண்டு; 400 வெள்ளியைப் பற்றிச் சத்தம் போடுபவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. அவற்றில் முதன்மையானது 'பெட்டர்மெண்ட்'. பழைய காரில் தேய்ந்த உதிரிப்பாகத்தை எடுத்துவிட்டுப் புத்தம் புதிய அசல் பாகத்தைப் பொருத்தும்போது, விபத்துக்கு முன்பிருந்ததைவிட நல்ல நிலைக்குக் கார் வருகிறது. காப்புறுதியின் நோக்கம் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே என்பதால் அந்த மேம்பாட்டின் விலையை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது அதன் தத்துவம். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் அளவுகோலின்படி ஐந்து வயதுக்குட்பட்ட காருக்குக் கழிவில்லை; ஐந்து வயதில் 15 விழுக்காடு தொடங்கி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடாக ஏறிப் பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காட்டில் நிற்கிறது.

இது பில்லில் எப்படி விழுகிறது என்பதைக் கற்பனையான ஓர் உதாரணத்தால் அருகில் வைத்துப் பார்க்கலாம். தெலுக் இந்தான் சாலையில் எட்டு வயதான மைவி கார் ஒன்று, பெயர் குறிப்பிடப்படாத மருமகன் ஓட்டிச் செல்லும்போது, செம்பனைக் குலை ஏற்றி முன்னால் நின்றுவிட்ட லாரியின் பின்புறத்தில் இடிக்கிறது. முன் பம்பர், போனட், விளக்கு, ரேடியேட்டர் ஆகிய பாகங்கள் 3,000 வெள்ளி; தகரவேலை, சாயம், கூலி 1,500 வெள்ளி. பில் மொத்தம் 4,500 வெள்ளி. பாகங்களின் விலையில் எட்டு வயதுக்குரிய 30 விழுக்காடாக 900 வெள்ளி பெட்டர்மெண்ட் கழிகிறது. கட்டாய எக்ஸஸ் 400 வெள்ளி கழிகிறது. நிறுவனம் செலுத்துவது 3,200 வெள்ளி, குடும்பம் செலுத்துவது 1,300 வெள்ளி. இந்த 1,300இல் பெயர் எழுதாததால் வந்தது 400, கார் பழையது என்பதால் வந்தது 900. பெட்டர்மெண்டைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் இணைப்பு விற்கப்படுகிறது என்பதும், புதிய அசல் பாகத்துக்குப் பதிலாக நல்ல நிலையிலுள்ள பழைய பாகம் பொருத்தப்பட்டால் இந்தக் கழிவுக்கு இடமில்லை என்பதும் புதுப்பிக்கும் மேசையில் அரிதாகவே சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் இதே தத்துவம் பாகத்தின் பொருளைப் பார்க்கிறது: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குக் காரின் வயது எதுவானாலும் 50 விழுக்காடு கழிவு. ரப்பரால் வாழ்ந்த ஊருக்கு அந்த விதி வராமல் போனது நல்லதே.

அடுத்தது குறைமதிப்புக் காப்புறுதி. பிரிமியத்தைக் குறைப்பதற்காகக் காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது கிராமப்புறங்களில் பழைய பழக்கம். காப்புறுதித் தொகை சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், உரிமையாளர் மீதிப் பங்குக்குத் தாமே காப்புறுதியாளர் என்று கொள்ளப்பட்டு இழப்பீடு விகிதப்படி குறைக்கப்படும். 25,000 வெள்ளி பெறும் காரை 18,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தவருக்கு 5,000 வெள்ளிச் சேதத்தில் 72 விழுக்காடு, அதாவது 3,600 வெள்ளியே கணக்கில் வரும். அதன் பிறகே எக்ஸஸ் கழிக்கப்படும். மதிப்பை அதிகமாகக் காட்டினாலும் பயனில்லை, கார் முழுதாக அழிந்தால் சந்தை மதிப்புதான் கிடைக்கும். இரு தரப்பும் முன்கூட்டியே ஒரு மதிப்பை ஒப்புக்கொள்ளும் பாலிசி எடுத்தவர்கள் மட்டுமே இந்தத் தகராறிலிருந்து தப்புகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு எங்கும் எக்ஸஸ் என்று எழுதப்படுவதில்லை. அது என்.சி.டி. இழப்பு. கோரிக்கை ஏதுமின்றி ஓராண்டு ஓட்டியவருக்கு 25 விழுக்காடு, அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 38.33, 45, ஐந்தாண்டு முடிவில் 55 விழுக்காடு என்று பிரிமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகிறது; தம் தவறால் நேர்ந்த சேதத்துக்கு ஒருமுறை கோரினால் அது பூச்சியத்துக்கு இறங்குகிறது. ஒரு படி இறங்குவதில்லை, ஏணியின் அடிக்கே வந்துவிடுகிறது. தள்ளுபடிக்கு முந்திய பிரிமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 55 விழுக்காட்டில் இருந்தவர் ஆண்டுக்கு 450 வெள்ளி கட்டிவந்திருப்பார். கோரிக்கைக்குப் பிறகு அவர் கட்ட வேண்டியது முதலாண்டு 1,000, பின்னர் 750, 700, 616.67, 550, ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 450. ஐந்தாண்டில் கூடுதலாகக் கைவிட்டுப் போவது 1,366 வெள்ளி 67 காசு. காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் 400 வெள்ளியைவிட அது மூன்று மடங்குக்கு அருகில் நிற்கிறது என்பதில் மாற்றமில்லை.

ஆகவே கோருவதா வேண்டாமா என்ற முடிவு எக்ஸஸை மட்டும் வைத்து எடுக்கத்தக்கதன்று. மேற்சொன்ன மைவிக்கு 4,500 வெள்ளிச் சேதத்தில் நிறுவனம் தருவது 3,200, பின்னால் போவது 1,366, கோருவது லாபமே. அதே கார் வாசல் தூணில் உரசிக் கதவுக்குச் சாயமும் தகரவேலையுமாக 1,500 வெள்ளி ஆகிறது, ஓட்டியவர் பெயர் பட்டியலில் இல்லை என்றால், கையில் வருவது 1,100, போவது 1,366. அந்தக் கோரிக்கையால் குடும்பம் நட்டப்படுகிறது. பிரிமியம் கட்டியதற்குப் பலன் கிடைத்தது என்ற மனநிறைவு மட்டுமே மிச்சம். 55 விழுக்காட்டில் இருக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ 2,000 வெள்ளிக்குட்பட்ட சொந்தத் தவறுகளுக்குக் காப்புறுதி இல்லை என்று எண்ணிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்ற கணக்கு; என்.சி.டி. ஏற்கெனவே பூச்சியத்தில் இருப்பவர் இந்த அளவுக்குத் தயங்க வேண்டியதில்லை.

தவறு எதிர்த்தரப்புடையது என்றால் நிலைமை மாறுகிறது. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்து, விசாரணையில் மற்றவர் மீது தவறு என்று முடிவானால், அவருடைய நிறுவனத்திடம் மூன்றாம் தரப்புக் கோரிக்கை வைக்கலாம். அதில் எக்ஸஸும் இல்லை, என்.சி.டி. இழப்பும் இல்லை, காலதாமதம் மட்டும் உண்டு. முழுக் காப்புறுதி உள்ளவர் தம் சொந்த நிறுவனத்திடமே 'நாக் ஃபார் நாக்' முறையில் கோரி என்.சி.டி.யைக் காத்துக்கொள்ளலாம், அந்த வழியில் கையிலிருந்து போன எக்ஸஸையும் கார் ஓடாமல் கிடந்த நாட்களுக்கான இழப்பையும் தவறு செய்தவரின் நிறுவனத்திடம் தனியே கேட்டுப் பெறலாம். இந்தக் கடைசி உரிமையைக் கேட்டு வாங்குவோர் குறைவு. கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

முன்கண்ணாடியும் வெள்ளமும் தனியே நிற்பவை. லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் உடையும் முன்கண்ணாடிக்குத் தனி இணைப்பு எடுத்திருந்தால் என்.சி.டி. பாதிக்கப்படாது; இல்லையென்றால் கண்ணாடிக்காகக் கோருவதும் சாதாரணக் கோரிக்கையே. வெள்ளம், மண்சரிவு, புயலில் மரம் முறிந்து விழுதல் ஆகியவை முழுக் காப்புறுதி என்ற பெயருக்குள் இயல்பாக அடங்குவதில்லை. அவற்றுக்கு இயற்கைச் சீற்ற இணைப்பு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு ஏறும் கரையிலோ டுரியான் மரத்தடியிலோ கார் நிறுத்தும் வீடுகளுக்கு, அந்த இணைப்பு இல்லாத நிலையில், எக்ஸஸ் என்பது காரின் முழு விலைதான்.

சிறு தொகையை அஞ்சிப் பெருந்தொகையை மறப்பது பீடோருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க வீட்டுக் காப்புறுதி வாடிக்கையாளர்களை ஆராய்ந்து ஜஸ்டின் சிட்னர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கழிவை 1,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைத்துக்கொள்ள மக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 டாலர் கூடுதலாகக் கட்டியதும், அவர்களில் ஆண்டுக்குக் கோரிக்கை வைத்தோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு என்பதும் தெரியவந்தன. சராசரியில் 25 டாலர்கூடப் பெறாத பாதுகாப்புக்கு 100 டாலர். இதிலிருந்து எல்லாரும் உயர்ந்த எக்ஸஸை ஏற்க வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதும் சரியாகாது. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் அவசரத்துக்கு 2,000 வெள்ளி ரொக்கம் இல்லையென்றால், தள்ளுபடிக்காக 2,000 வெள்ளி எக்ஸஸை ஏற்பது காரைப் பட்டறையிலேயே விட்டுவைப்பதற்கு வழி. ஒருவர் ஏற்கத்தக்க எக்ஸஸ், கடன் வாங்காமல் அவரால் எடுத்துவைக்க முடிந்த தொகையே. அதற்கு மேல் ஒரு வெள்ளியும் அன்று.

விற்பவர்களின் கடமையும் இங்கே உண்டு. பாலிசியின் முக்கியக் கூறுகளைச் சுருக்கிச் சொல்லும் விளக்கத்தாளை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சான அந்தத் தாளை மூத்தவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பு இப்போது வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கிறது. எக்ஸஸ் எவ்வளவு, யார் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, காப்புறுதித் தொகை சந்தை மதிப்புக்கு ஈடாக உள்ளதா, ஐந்து வயது தாண்டிய காருக்குப் பெட்டர்மெண்ட் தள்ளுபடி உண்டா என்று முகவரிடம் வாய்விட்டுக் கேட்டு, விடையை அந்தத் தாளிலேயே குறித்துவைத்துக்கொள்வது பிற்காலத் தகராறைப் பெருமளவு குறைக்கும். தவறாகக் கழிக்கப்பட்டது என்று கருதுபவர் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே கிடைக்கும் இறுதி விடை நிறைவு தராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். நுகர்வோரிடம் அந்த அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை; நிறுவனத்தின் இறுதி விடை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.